எந்தக் கையைக் கொடுப்பது?

பிரேக் அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் இதையே சொல்வார்கள். அந்த நாலு பேரிடமும் அவளேதான் சொல்லிவைத்திருந்தாள்.

அவள் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடியில் அவள் வீடு, கீழே ஒரு மேசை, வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார், அவ்வளவுதான். அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு இன்னொரு பிரேக். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எதிரே லாரியைப் பார்த்தால் கண்ணை மூடுவார்கள், சைக்கிள்காரரைப் பார்த்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுவார்கள். அந்த நேரத்தில் அக்காவின் வலது கால் தன் பிரேக்கை ஒரே மிதி மிதிக்கும். வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து அந்தக் காலுக்குத் தனியாக ஒரு மூளையே முளைத்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். வீட்டில் டிவி பார்க்கும்போது யாராவது குறுக்கே வந்தால்கூட மிதிக்கும். பிரேக் அக்கா என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை.

அந்தக் காலை வைத்து ஸ்கூலில் ஒரு வழக்கமும் இருந்தது. இனிமேல் இந்த ஆளுக்கு நம் பிரேக் தேவையில்லை என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டால், ஓடுகிற காரிலேயே செருப்பைக் கழற்றுவாள். இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். வாயைத் திறந்து ஒரு பாராட்டு கிடையாது. சம்மணம் போட்டுவிட்டாள் என்றால் தேறிவிட்டோம் என்று அர்த்தம். லைசென்ஸ் வந்த அன்று சிரிக்காதவர்கள்கூட அந்தச் சம்மணத்தைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறார்கள்.

அக்காவிடம் இன்னொரு குணமும் உண்டு. கார் ஓட்டுவது பற்றி யாராவது தப்பாக ஒன்று சொல்லிவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. ஒருமுறை பஸ்ஸில் பின் இருக்கையில் இரண்டு பேர் கிளட்சைப் பற்றி ஏதோ உளறிக்கொண்டு வந்தார்கள். அக்கா இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. அவள் திரும்பி உட்கார்ந்து அவர்களுக்கு முழுப் பாடமும் நடத்திவிட்டுக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினாள். அந்த இரண்டு பேரும் வண்டி ஓட்டும் எண்ணத்தையே விட்டிருப்பார்கள், பாவம்.

அப்போது அவளிடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் படுமோசமான மாணவி ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்ததும் வாசலிலேயே காத்திருப்பாள். அக்கா காரை எடுத்துக்கொண்டு போவாள். நர்ஸ் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவுடன் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். பதற்றத்தில் முதல் கியருக்குப் பதிலாக மூன்றாவது கியரைப் போடுவாள். கார் ஒரு உதறு உதறி அணைந்துவிடும். மறுபடியும் கிளப்புவாள், மறுபடியும் மூன்றாவது. அக்கா அவளுக்கு மூணாங்கியர் என்றே பேர் வைத்துவிட்டாள்.

"ஏம்மா மூணாங்கியரு, தோள இறக்கு. மூச்சு விடு. கார் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடும்?"

"கடிக்காது மேடம். ஆனா பயமா இருக்கே மேடம்."

"பயமாம் பயம்! என்னைப் பாரு. எதுக்காவது பயந்து பாத்திருக்கியா?"

நர்ஸ் பாவம், அதையும் நம்பினாள்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் தங்கச்சிக்கு, அந்த நர்ஸ் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. வர வேண்டிய நாளுக்கு வெகு முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. "யாரு லைன்ல நின்னு வருவா? நம்ம வீட்டுப் பொண்ணாச்சே!" என்று அக்கா எல்லோரையும் சிரிக்கவைத்தாளே தவிர, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் படுத்திருந்த அந்த ஜீவனைப் பார்த்த பிறகு கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். தங்கச்சியின் குழந்தையைத் தானே காரில் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். தங்கச்சியும் சரி என்று தலையை ஆட்டினாள்.

குழந்தை தேறியது. எடை ஏறியது. ஒரு நாள் குழந்தை டாக்டர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

"அடுத்த மாசம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். ஆனா ஃப்ளூ காய்ச்சல் ஊரெல்லாம் சுத்துது. இவளுக்கு ஆறு மாசம் ஆகற வரைக்கும் அதுக்கான தடுப்பூசி போட முடியாது. அதனால பக்கத்துல வர்றவங்க எல்லாரும் போட்டுக்கங்க. ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், தள்ளிப் போடாதீங்க."

"அவ்வளவுதானே டாக்டர்!" என்று எல்லோருக்கும் முன்னால் குரல் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நம்ம அக்காதான்.

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது.

ஏனென்றால் பயமே தெரியாத பிரேக் அக்காவுக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். சின்ன வயசில் ஊசி போட வந்த டாக்டரின் கையைக் கடித்துவிட்டு மேசைக்கு அடியில் ஒளிந்தவள். பெரியவளான பிறகு கடிக்கவில்லை, ஆனால் ஒளிவதை நிறுத்தவில்லை. எந்தக் காய்ச்சல் வந்தாலும், "மாத்திரையே குடுங்க டாக்டர், எத்தனை வேணாலும் முழுங்குறேன்" என்று கெஞ்சிக் கூத்தாடித் தப்பித்துவிடுவாள். இது வெளியே யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஊசி ரூம் வாசல்வரை போனாள். உள்ளேயிருந்து மருந்து வாடை வந்தது. சட்டென்று அவளுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றுவிட்டார். இந்தக் கையில் போட்டுக்கொண்டால் நாளைக்குக் கியர் போட முடியாதே? அந்தக் கையில் போட்டுக்கொண்டால் ஸ்டியரிங் பிடிக்க முடியாதே? எந்தக் கையைக் கொடுப்பது? மனுஷிக்கு இருப்பதே இரண்டு கைதானே! போதாததற்குப் பஞ்சர் கடைக்காரர், ஊசி போட்டால் அதனாலேயே ஃப்ளூ வந்துவிடும் என்று என்றைக்கோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. பஞ்சர் ஒட்டுவதில் அவர் கில்லாடி. ஆக, வக்கீல் ஜெயித்தார். அக்கா வந்த வழியே திரும்பினாள்.

மாடிப்படியில் எதிரே வந்தார் ஹாரன் பெரியப்பா.

இவர் தங்கச்சி வீட்டுக்காரரின் அண்ணன், குழந்தைக்குப் பெரியப்பா. அக்காவிடம்தான் கார் கற்றுக்கொண்டார். அக்காவின் சரித்திரத்தில் சம்மணம் கிடைக்காமலே லைசென்ஸ் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். காருக்கு நாலு சக்கரமும் ஒரு ஹாரனும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது அவர் கட்சி. ரோட்டில் யாருமே இல்லாவிட்டாலும் இனிமேல் வரப்போகிறவர்களுக்காக அடிப்பார்.

"நான் போட்டுக்கிட்டாச்சு!" என்று சட்டைக் கையை மடித்துப் புஜத்தைக் காட்டினார். "ஒண்ணுமே தெரியல. இன்னொரு கையிலயும் போடுறியான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க. நீங்க?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நானும் போட்டுக்கிட்டேன்."

"எந்தக் கையில?"

"கியர் போடுற கையில."

"பலே!" என்று அவர் அதே புஜத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் வலிக்க வேண்டுமே என்று ஞாபகம் வந்து, "ஆ!" என்று அலறினாள். அலறியது சரி, பிடித்துக்கொண்டது மற்றக் கையை. நல்ல காலம், பெரியப்பா அதற்குள் அடுத்த படியில் வந்துகொண்டிருந்த யாரிடமோ புஜத்தைக் காட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அக்காவுக்குப் பொழுது நன்றாகத்தான் போனது. பொய்க்குக் கால் கை முளைத்து அதுவே நடமாட ஆரம்பித்துவிட்டது. "போட்ட அன்னிக்கு லேசா வலிச்சுது, மறுநாள் சரியாப்போச்சு" என்று அடுத்த வீட்டு அம்மாவுக்கு ஆலோசனை சொன்னாள். மூணாங்கியரிடம், "உங்க ஆஸ்பத்திரி ஊசி பரவாயில்லம்மா" என்று சான்றிதழ்கூடக் கொடுத்தாள். அந்தப் பெண் கியரைத் தேடிக்கொண்டிருந்த மும்முரத்தில், "எந்த நர்ஸ் மேடம் போட்டாங்க?" என்று கேட்காமல் விட்டது அக்காவின் அதிர்ஷ்டம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கச்சி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் குழந்தை தூக்கத்தில் எதையோ நினைத்து உதட்டைச் சுழித்தது. தங்கச்சி அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இவ பெரியப்பா தான்தான் கார் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்க்கா. முடியாதுன்னுட்டேன். எங்க அக்கா ஓட்டுவா, டாக்டர் வாய மூடுறதுக்குள்ள ஓடிப்போய் ஊசி போட்டுட்டு வந்தவ அவன்னு சொன்னேன். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலக்கா. இவளுக்கு என்ன ஆகுமோ, யாரு கிட்ட வந்தா என்ன ஒட்டிக்குமோன்னு ஒரே பயம். உன்னை நினைச்சாத்தான் கொஞ்சம் நிம்மதியா இருக்கு."

அக்காவின் வலது கால் தரையில் படாரென்று மிதித்தது.

"என்னக்கா?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? யாரும் அவள் சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தக் குட்டிப் பெண் ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவு சின்ன நெஞ்சு, அதில் அவ்வளவு சின்ன மூச்சு. அக்காவுக்குத் தன்மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"நான் போட்டுக்கலடி," என்றாள்.

"எதை?"

"ஊசியை. பொய் சொன்னேன். எனக்கு ஊசின்னா பயம்."

தங்கச்சி கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் தோளிலிருந்து தலையை எடுத்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள், கையை நீட்டினாள்.

"கார் சாவியைக் குடு."

"ஏய்..."

"இவ விஷயத்துல என்கிட்டயே பொய் சொன்னல்ல? குடு. இவ பெரியப்பா ஓட்டட்டும்."

ஹாரன் பெரியப்பா எங்கிருந்துதான் வந்தாரோ, பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். "கவலையே படாதம்மா. ஒரு தடவைகூட ஹாரன் அடிக்க மாட்டேன். சத்தியமா," என்றார். சத்தியம் செய்யும்போதே அவர் கட்டைவிரல் காற்றில் ரெண்டு தடவை அமுங்கியது. அதை அக்காவும் பார்த்தாள், தங்கச்சியும் பார்த்தாள்.

அக்கா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கில்ல? இன்னிக்குப் போட்டாலும் போதும்ல?"

"போதும். கீழதான் ரூம் இருக்கு. போட்டுட்டு வந்தா சாவி உன்னோடது. இல்லன்னா இவ பெரியப்பா ஓட்டுவார், நீ வேணும்னா பின்னால பஸ்ல வா."

பஸ்ஸில்! பிரேக் அக்காவை, பஸ்ஸில்! அவள் விருட்டென்று எழுந்து படியிறங்கினாள். எங்கே வழியில் மனசு மாறி ஓடிவிடுவாளோ என்று பெரியப்பா பின்னாலேயே இறங்கினார். "சாவி கனமா இருந்தா நான் வேணா வச்சுக்கவா?" என்று நடுநடுவே அக்கறையாக விசாரித்துக்கொண்டு வந்தார்.

ஊசி ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் யார்? மூணாங்கியர்!

அக்காவுக்கு அப்படியே ரிவர்ஸ் எடுத்துவிடலாமா என்று இருந்தது. நர்ஸ் என்று தெரியும், இந்த ஆஸ்பத்திரி என்றும் தெரியும், ஊசி ரூமுக்கே ராணி என்று யார் கண்டது? அதுவும் இங்கே அவளைப் பார்த்தால் அந்த மூணாங்கியரே இல்லை. தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு கையால் பெட்டியை மூடினாள், மறு கையால் பஞ்சை எடுத்தாள், கதவைத் திறந்த ஆளை ஒரே பார்வையில் எடை போட்டாள்.

"வாங்க மேடம். நீங்கதான் போன வாரமே போட்டுக்கிட்டீங்களே?"

அக்கா அசடு வழிந்தாள். "அது... போட்டுக்கிட்ட மாதிரி. இப்ப நிஜமாப் போடணும்."

மூணாங்கியர் சிரிக்காமல் சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. காய்ச்சல் ஏதும் இருக்கா? இதுக்கு முன்னாடி எந்த ஊசிக்காவது அலர்ஜி?"

"ஊசின்னாலே அலர்ஜிதான். ஏம்மா, இதைப் போட்டா ஃப்ளூ வந்துடுமாமே?"

"செத்துப்போன கிருமி மேடம் இது. இன்ஜினைக் கழட்டின கார் மாதிரி. அது எங்கேருந்து ஓடும்? கை ஒரு நாள் ரெண்டு நாள் வலிக்கலாம். அவ்வளவுதான்."

இன்ஜினைக் கழட்டின கார் என்றதும் அக்காவுக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் பேச்சை அத்தோடு விட்டாள்.

"எந்தக் கையில போடட்டும்?"

அக்கா இரண்டு கைகளையும் பார்த்தாள். இது கியருக்கு, இது ஸ்டியரிங்குக்கு என்று இத்தனை நாள் பாகம் பிரித்து வைத்திருந்த கைகள். குழந்தையைத் தூக்கவும் இதே கைகள்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கியர் கையிலயே போடு," என்றாள். "பொய் சொன்ன கை அதுதான்."

மூணாங்கியர் மருந்தை ஏற்றிக்கொண்டு ஊசியோடு திரும்பினாள். அவ்வளவுதான். அக்காவின் வலது கால் தரையை ஒரே மிதி! ஸ்டூலுக்குச் சக்கரம் இருந்ததா, அது சர்ரென்று பின்னால் பறந்து போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"மேடம், ரிவர்ஸ்ல போறீங்க."

"நான் எங்கம்மா போறேன்? இந்தக் கால்தான்!"

இழுத்துக்கொண்டு வந்தாள். மறுபடி ஊசி, மறுபடி மிதி. இந்தத் தடவை ஸ்டூல் கோணலாகத் திரும்பி எடை பார்க்கும் மெஷின்மேல் இடித்தது. மெஷின் முள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப்பார்த்தார்கள். "பின்னால பாத்து வரணும்!" என்று அக்காவுக்கே பாடம் எடுத்தார் பெரியப்பா. அக்கா முறைத்த முறைப்பில் ஆள் கப்சிப்.

"இதுல ஹேண்ட் பிரேக் கிடையாதா?" என்றாள் அக்கா பரிதாபமாக.

மூணாங்கியர் சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அக்கா உட்கார்ந்தாள். ஊசி வந்தது, கால் மிதித்தது. இந்தத் தடவை நாற்காலி நகரவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியின் மூடி டப்பென்று திறந்து சுவரில் அடித்தது. காலால் மிதித்துத் திறக்கிற தொட்டி அது. பெடல் எங்கே இருக்கிறது என்று அந்தக் கால் தேடிக் கண்டுபிடித்துவிட்டிருந்தது! ஊசி கிட்டே வந்தால் டப், விலகினால் மூடிக்கொள்ளும். வந்தால் டப்.

"மேடம், அது பிரேக் இல்ல, குப்பைத்தொட்டி."

முதலில் சிரித்தது வாசலில் நின்ற யாரோ. அப்புறம் பெரியப்பா. அப்புறம் மூணாங்கியரே தாங்க முடியாமல் ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கு அழுகைதான் வந்தது, ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்ட, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, என் மானம் போச்சே! என் தங்கச்சி பொண்ண நான் கூட்டிட்டுப் போகணும்மா. எப்படியாவது போட்டுடும்மா!"

"தோள இறக்குங்க மேடம்," என்றாள் மூணாங்கியர். "மூச்சு விடுங்க. ஊசி என்ன உங்களைக் கடிச்சா தின்னுடும்?"

"அது கடிக்காது. நான்தான் கடிப்பேன். ஜாக்கிரதை." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "நீ போடு. ஆனா போடறப்ப எனக்குச் சொல்லாத."

"சொல்லல மேடம். நீங்க அந்த ஜன்னலைப் பாருங்க." நர்ஸ் பஞ்சால் புஜத்தைத் துடைத்தாள். "ஆமா, கிளாஸ்ல ஒரு சந்தேகம். மேட்டுல நின்னுட்டு வண்டிய எடுக்கிறப்ப, கிளட்ச்சை ஒரேயடியா விட்டுட்டு, பின்னால போக ஆரம்பிச்சதும் ஆக்சிலேட்டரைக் குடுக்கணும். சரிதானே?"

"என்னது?" அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "யாரு சொன்னா உனக்கு? ஒரேயடியா விட்டா என்ன ஆகும்? வண்டி ஆஃப் ஆகும், பின்னால இருக்கிறவன் மடியில போய் உட்காருவ! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? பாதி கிளட்ச்! மெதுவா, மெதுவா விடணும். வண்டி லேசா ஒரு உறுமு உறுமும், முன்பக்கம் தூக்கும், அப்பத்தான்..."

"ஹேண்ட் பிரேக்கு மேடம்? அதை எப்பவும் எடுக்கவே வேணாம்தானே?"

"அடிப்பாவி! எடுக்காம எப்படி வண்டி போகும்? உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? லேசா உறுமினதும் ஹேண்ட் பிரேக்கை இறக்கணும், அதே நேரத்துல..."

"ஆச்சு மேடம்."

"என்ன ஆச்சு? நான் இன்னும் முடிக்கவே இல்ல!"

"ஊசி போட்டாச்சு."

அக்கா தன் கையைப் பார்த்தாள். புஜத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. குப்பைத்தொட்டியைப் பார்த்தாள். மூடியபடியே இருந்தது. வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பெரியப்பா மட்டும் தட்டவில்லை. அவர் கண் சாவிமேலேயே இருந்தது.

அக்கா மாடிக்கு ஓடிப்போய்ப் பிளாஸ்திரியைக் காட்டினாள். தங்கச்சி விரலால் அதை லேசாக அமுக்கிப் பார்த்தாள். இந்தத் தடவை அக்கா சரியான நேரத்தில், சரியான கையைப் பிடித்துக்கொண்டு, "ஆ!" என்றாள். தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவள் தோள் குலுங்கியது, சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"இனிமே என்கிட்டப் பொய் சொல்லுவியா?"

"சத்தியமா மாட்டேன்."

"சாவியப் பத்திரமா வச்சுக்க."

குழந்தை வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. அக்கா காரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். பின்னால் குழந்தைக்கான இருக்கையில் அந்தக் குட்டிப் பெண், அவளுக்கு இந்தப் பக்கம் தங்கச்சி, அந்தப் பக்கம் அப்பாக்காரர். முன்னால் அக்கா பக்கத்தில், இரண்டாவது பிரேக் இருக்கிற இருக்கையில், மூணாங்கியர். அவளுக்கு அன்றைக்குக் கிளாஸ் இல்லை. வேலை முடிந்து வாசலில் நின்றவளை, "நீயும் வா, நீ இல்லாம இந்த ஊர்வலம் ஏது?" என்று அக்காதான் ஏற்றிக்கொண்டாள். ஹாரன் பெரியப்பாவைத் தங்கச்சி காரிலேயே ஏற விடவில்லை. அவர் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நடுரோட்டில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டிருந்தார். வாயாலேயே, "பாம், பாம்! வழி விடுங்க!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

அக்கா சீட் பெல்ட்டை மாட்டினாள். இன்ஜினைக் கிளப்பினாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூடிய கண், அந்தச் சின்ன நெஞ்சு, அந்த மூச்சு. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவள், மழையிலும் நெரிசலிலும் ஓட்டியவள், அந்தக் கியர்க் கம்பியை நகர்த்த முடியாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

"என்னக்கா, கிளம்பலையா?" என்றார் பின்னாலிருந்து தங்கச்சி வீட்டுக்காரர்.

"இதோ," என்றாள். கை நகரவில்லை. ரோட்டில் பெரியப்பா இன்னும் பாம் பாம் என்று கூவிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர்கள் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூணாங்கியர் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சாவகாசமாகக் கேட்டாள்:

"மேடம், கிளம்பறப்ப மூணாவது கியரைத்தானே போடணும்?"

"அடியேய்!" என்றாள் அக்கா. "இன்னுமா அது உன் மண்டையில ஏறல? முதல் கியர்! முதல்! இங்க பாரு, கிளட்ச்சை அமுக்கு, இப்படி, கியரை இங்க தள்ளு, லேசா விடு, உறுமுதா, இப்ப லேசா ஆக்சிலேட்டரு, இப்பத்தான் ரெண்டாவது..."

கார் கேட்டைத் தாண்டியிருந்தது. பின்னால் மூன்று பேரில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா அதற்குப் பிறகு பேசவில்லை. பள்ளம் வருவதற்கு முன்பே கார் மெதுவானது. திருப்பங்களில் யாருடைய தலையும் சாயவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியபோது நின்றதே தெரியவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு அக்கா பெருமூச்சு விட்டாள். பக்கத்தில் திரும்பாமலே கேட்டாள்:

"எத்தனை தடவை உன் பிரேக்கை மிதிச்ச? மறைக்காம சொல்லு."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து இருக்கைக்குக் கீழே, பெடலுக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி வெள்ளைச் செருப்புகள் காலியாகக் கிடந்தன. இருக்கையின் மேல் மூணாங்கியர் இரண்டு கால்களையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப ஏத்தினே?"

"கேட்டைத் தாண்டின உடனே மேடம்."

எத்தனையோ பேருக்குச் சம்மணம் போட்டுக் காட்டிய அக்காவுக்கு, இதுவரை யாரும் போட்டுக் காட்டியதில்லை. "நாளைக்குக் காலையில கிளாஸ். மேட்டுல ஏத்துவேன். மூணாங்கியரைப் போட்டே, தொலைஞ்ச," என்றாள். குரல் கரகரத்துவிட்டது.

வீட்டுக்குள் போனதும் அக்கா கையை முழங்கைவரை கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள். சோபாவில் உட்கார்ந்தாள். தங்கச்சி குழந்தையோடு எதிரே வந்து நின்றபோது வலது கால் தரையில் எதையோ தேடியது. அக்கா அதை ஒரு முறைப்பு முறைத்தாள். பிறகு இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"எந்தக் கையில வாங்கிக்கிற?" என்றாள் தங்கச்சி.

அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள்.